காந்தத்துக்கு வராத புள்ளி

1985 அக்டோபர் 28, திங்கள்

விடியலிலிருந்து தூறல். திண்டுக்கல்லை மதுரையிலிருந்து பிரித்துத் தனி ஜில்லாவாக்கி ஒன்றரை மாதம் ஆகிறது. டீக்கடையில் இன்னும் அதே பேச்சு. "இனிமே மனு குடுக்க மதுரைக்கு பஸ் ஏற வேணாம்ல." எனக்கு மனு ஒன்றும் இல்லை. ஆனாலும் வருஷத்தை நான் இப்படித்தான் ஞாபகம் வைப்பேன். ஜில்லா பிரிந்த வருஷம். லூர்துவின் கண்ணில் கத்தி வைக்க நாள் குறித்த வருஷம்.

பள்ளிக்கூடம் மிதித்தவனில்லை. பூட்டில் பேர் வெட்டி வெட்டித்தான் எழுத்து வந்தது. அதனால் ஒவ்வொரு எழுத்தும் தள்ளித் தள்ளி நிற்கும். ஒரு பக்கம் நிரப்ப ஒரு மத்தியானம் ஆகும். ஆகட்டும். வாயால் சொல்ல முடியாததை வைக்க ஓர் இடம் வேண்டும். பழைய பட்டறை நோட்டில் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

இன்று லூர்துவோடு ஆஸ்பத்திரி. அவள் புருஷன் ஆரோக்கியம் லாரியில் காய் ஏற்ற ஒட்டன்சத்திரம் போய்விட்டான். லூர்து எனக்கு ரத்த சொந்தமில்லை. பக்கத்து வீடு. என்னோடு பூட்டுப் பட்டறையில் இருந்த அருளப்பனின் மகள். அவனும் போய், அவன் பொண்டாட்டி செசிலியும் போய், என் வீட்டுக்காரியும் போனபிறகு ரெண்டு வேளைச் சோறு அவள் கையால்தான். பெரியப்பா என்பாள். என் மகன் பம்பாயில் இருக்கிறான். அவன் கடிதத்தில்கூட அப்படி ஒரு வார்த்தை இருக்காது.

இடது கண். வெள்ளையில், கருவிழியை ஒட்டி மூக்குப் பக்கம். மிளகில் பாதி. காப்பிக்கொட்டை நிறம். ஓரத்தில் சிவப்பு நரம்பு ரெண்டு மூன்று. மேடு தட்டியிருக்கிறது. இமை மூடினால் உறுத்துகிறதாம்.

டாக்டரம்மா கோயம்புத்தூர்ப் பக்கம், பேச்சில் தெரிகிறது. (இனி டா. என்று எழுதுகிறேன்.) வெளிச்சக் கருவியில் லூர்துவின் தாடையை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தன வருசமா இருக்குதுங்க?"

"சின்னவ வயித்துல இருக்கப்ப பாத்தேன் டாக்டர். மூணு வருசம் இருக்கும்."

"அதுக்கு முந்தி? சின்ன வயசுல?"

"தெரியலயே. அம்மா இருந்தா சொல்லும்."

டா. என் பக்கம் திரும்பினார். "தாத்தா, நீங்க பாத்திருக்கீங்களா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னது: சின்ன வயசிலிருந்து இருக்கிற மச்சம் என்றால் அவ்வளவு பயம் இல்லை. வளர்ந்த பெண்ணுக்குப் புதிதாக வந்து மூன்று வருஷத்தில் மேடு தட்டினால் அதைச் சும்மா விடமாட்டார்கள். வெட்டி எடுக்க வேண்டும். சுற்றியுள்ள நல்ல சவ்வையும் தாராளமாகச் சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்ததை மதுரைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். வேறு மாதிரி வந்தால் அப்புறம் கண்ணைப் பற்றியே யோசிக்க வேண்டும்.

நாள்: நவம்பர் 7, வியாழன்.

திரும்பி வரும்போது குடையில் ஒரு கம்பி எகிறிவிட்டது. அவளுக்கு ஒரு தோள், எனக்கு ஒரு தோள் நனைந்தது.

"வேற மாதிரின்னா என்னது பெரியப்பா?"

"ஒண்ணும் இருக்காதும்மா."

அவள் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று.

அக்டோபர் 29, செவ்வாய்

மழை விட்டது. குடைக்கம்பியை நானே முடுக்கினேன். கடைவாய்ப் பல் வலி.

பட்டறையில் அரம் போடும்போது இரும்புப் பிசிறு பறக்கும். வாரத்துக்கு ஒருவன் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்திருப்பான். ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் வேலை போச்சு. என்னிடம் வருவான். நான் எடுப்பேன். எப்படி வந்தது இந்தக் கை? யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் ஒருத்தனுக்கு எடுத்தேன், வந்துவிட்டது, அவ்வளவுதான்.

என் சாமான்கள்:
வேட்டி முனை, நனைத்தது.
நாக்கு. (உமி, பஞ்சு இதுகளுக்கு.)
காந்தம். பழைய ரேடியோவில் கழற்றியது.
ஊசி. காதுப் பக்கம் தட்டித் தட்டையாக்கியது.

காந்தம்தான் முக்கியம். கண்ணருகே கொண்டுபோனால் பிசிறு தானாக எழுந்து வரும். வராவிட்டால் அது இரும்பு இல்லை.

இதை எழுதிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். மேலே இன்று வராது.

அக்டோபர் 31, வியாழன்

பிரதமரம்மாவைச் சுட்டு இன்றோடு ஒரு வருஷம். பள்ளியில் கூட்டம் போட்டுச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். லூர்துவின் பெரியவள் என் வீட்டில் வந்து சிலேட்டைப் போட்டுவிட்டு விளையாடப் போனாள்.

ஆரோக்கியம் வந்தான். லாரியிலிருந்து கத்தரிக்காய் ஒரு பை. லூர்து அவனிடம் எல்லாம் சொன்னாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள சொல்லுச்சு, அது புத்துநோயா இருந்தா கண்ணையே தோண்டிருவாகளாம்."

"தோண்டுனா தோண்டட்டும்டி. நம்ம லாரி ஒத்த லைட்டுலயே பழனி வரைக்கும் போயிட்டு வருது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். செத்த நேரம் கழித்து அவன் கொல்லைப்பக்கம் போனான். கை கழுவப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறான், நெற்றியைச் சுவரில் வைத்து.

இன்று கத்தரிக்காய் வெஞ்சனம். ரெண்டாம் தடவை சோறு போட வந்தாள். வேண்டாம் என்றேன். "உடம்புக்கு என்ன செய்யுது" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குனியும்போது அந்தப் புள்ளி என் முகத்துக்கு நேரே.

மூன்று வருஷத்துக்கு முன் கைப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஏதோ கேட்டாள். அப்போதே பார்த்தேன். அதே கண், அதே இடம். என்ன கேட்டாள் என்றுகூட ஞாபகம் இருக்கிறது: சீயக்காய் இருக்கா பெரியப்பா. எடுத்துக் கொடுத்தேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். காலையில் வெயில், மத்தியானம் மேகம். அருளப்பன் கல்லறைக்கு லூர்து நேற்றே வெள்ளையடித்துவிட்டாள். செவ்வந்தி, மெழுகுவர்த்தி. செசிலிக்குப் பக்கத்துக் குழி. சாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. லூர்து சேலை முந்தியை மறைத்துப் பிடித்தாள். "அப்பா, என் கண்ண நீதான் பாத்துக்கணும்" என்றாள், கூட இருக்கிறவனிடம் பேசுகிற மாதிரி.

அருளப்பன் பேசக்கூடியவனாயிருந்தால் என்னைக் கைகாட்டியிருப்பான்.

எழுதிவிடுகிறேன்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வருஷம். அதற்கு முந்தின மாதம். லூர்துக்கு வயசு ஐந்து. செசிலி மத்தியானச் சோறு கொண்டுவரும்போது கூடவே வருவாள். அரம் போடுகிற மேடைக்குக் கீழே உட்கார்ந்து இரும்புத்தூளைக் குவித்து மலை கட்டுவாள். அன்று தலையைத் தூக்கினாள். இடது கண்ணில் துரு நிறத்தில் ஒரு புள்ளி. கடுகைவிடச் சிறிசு. நான்தான் பார்த்தேன்.

"ஏலே அருளப்பா, பிள்ளை கண்ணுல பிசிறு கெடக்குது பாரு."

"அது மச்சம்ணே. நடக்கப் பழகுறப்பருந்தே இருக்கு."

"கண்ணுக்குள்ள எங்கடா மச்சம் வரும்? இம்புட்டுத் தூளுக்குள்ள கெடக்குற பிள்ளை. துருப்பிடிச்சிருச்சு. விட்டா கண்ணு போயிரும்."

"வேணாம்ணே, விட்டுருங்க."

செசிலி பயந்துவிட்டாள். கண்ணு போயிரும் என்ற சொல் போதும் ஒரு தாய்க்கு. பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுத் தலையைப் பிடித்தாள். பிச்சை என்று ஒருத்தன், பித்தளை உருக்குகிறவன், காலைப் பிடித்தான். முதலாளி ராவுத்தர் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வந்து வெயிலைத் திருப்பி வெளிச்சம் காட்டினார். அருளப்பன் வாசலில் போய் நின்றுகொண்டான். இந்தப் பக்கம் பார்க்காமல், "வேணாம்ணே" என்றான் இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை.

காந்தத்தைக் கொண்டுபோனேன். புள்ளி அசையவில்லை. பதினைந்து வருஷமாக அந்தக் காந்தம் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கையை எடுத்துக்கொண்டு, அருளப்பன் சொன்னது சரி, இது மச்சம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "துருவாப் போயிருச்சு, அதான் காந்தத்துக்கு வரல" என்றேன். ஊசியை எடுத்தேன்.

மூன்று தடவை சுரண்டினேன். ஒரு சொட்டு ரத்தம். பிள்ளை கத்தவில்லை. "முடிஞ்சிருச்சா பெரியப்பா?" என்று கேட்டாள். நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு.

நந்தியாவட்டைப் பூ வைத்துக் கட்டினோம். பன்னிரண்டு நாள் கண் சிவந்து வீங்கிக் கிடந்தது. பிறகு வற்றியது. புள்ளி இல்லை. செசிலி கோழி அடித்துக் குழம்பு வைத்து எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். ஈரலை எடுத்து என் இலையில் வைத்தாள். அதையும் சாப்பிட்டேன். கண்ணில் பிடித்த துருவையே சுரண்டி எடுத்தவர் என்று பேர் வந்தது. செம்பட்டியிலிருந்து, சின்னாளபட்டித் தறிக்காரர்களிடமிருந்து ஆள் வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பேன் அந்த நாளில்.

அருளப்பன் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வருஷம் முன்னால் சாகும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையை மட்டும் மேடைக்குக் கீழே உட்காரவிடமாட்டான். அப்புறம் அவள் பட்டறைக்கு வருவதே நின்றது.

விரல் வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

நவம்பர் 4, திங்கள்

ரத்தம், மூத்திரம், சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரி. ஆரோக்கியம் வருகிறேன் என்றான், லோடு வந்துவிட்டது. லூர்துவோடு நானே போனேன். ஒன்பது மணிக்குப் போய் ஒரு மணிக்கு டா. அறை.

ராத்திரி முழுக்க முடிவு செய்து வைத்திருந்தேன். சொல்லிவிடுவது. சொன்னால் டா. வெட்டுகிற அளவு குறையுமானால் குறையட்டும்.

"டாக்டரம்மா, அது பிள்ளையிலயே இருந்துச்சு."

டா. பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்குங்க? இவங்களுக்கா?"

"அஞ்சு வயசுல. அதே எடம். பட்டறையில இரும்புத் துருன்னு நெனச்சு ஊசியால சுரண்டுனது. மறைஞ்சிருச்சு. இப்ப திரும்ப வந்திருக்கு."

லூர்து என்னைப் பார்க்கிறாள். நான் மேஜையைப் பார்க்கிறேன். மேஜையில் கண்ணாடிக்குக் கீழே ஒரு காலண்டர்.

டா. மறுபடியும் அவளைக் கருவியில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம். பிறகு முகம் கொஞ்சம் இளகியது.

"அடியில தழும்பு மாதிரி ஒண்ணு தெரியுதுங்க. போன தடவ எனக்கு அது புரியல. உள்ள ரெண்டு நீர்க்கொப்புளமும் இருக்குது. அது நல்ல அடையாளம். அரைகொறயாச் சுரண்டுன மச்சம் திரும்ப மொளச்சா இப்படித்தான் ஒழுங்கில்லாம வரும். பாதி பயம் கொறஞ்சுதுங்க. சுத்தி அவ்வளவு எடுக்க வேண்டாம். ஆனா தழும்பு ஒட்டியிருக்கும், பாத்து உரிக்கணும்." அப்புறம் என்னிடம்: "ஏன் தாத்தா போன வாரமே சொல்லல?"

"மறந்துட்டேன்."

எனக்கு எதுவும் மறக்காது.

"சுரண்டுனதால கெட்டதா மாறியிருக்குமா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. ஆனா அன்னிக்குத் தொடாம விட்டிருந்தா இன்னிக்குக் கத்தி தேவைப்பட்டிருக்காது. வருசத்துக்கு ஒருக்கா பாத்துட்டு அனுப்பியிருப்போம்." சீட்டில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல்: "யாருங்க சுரண்டுனது?"

இவ்வளவு தூரம் வந்தவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லூர்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரெண்டு வேளைச் சோறு, பெரியப்பா என்ற கூப்பாடு, நெற்றியில் வைத்த கை, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

"அவங்க அப்பன்" என்றேன்.

வாய்தான் சொன்னது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நான்தான் சொன்னேன்.

பஸ்ஸில் லூர்து கேட்டாள்: "எனக்குக் காய்ச்சலுக்கு மருந்து ஊத்தக்கூட எங்கப்பாவுக்குக் கை நடுங்கும்னு அம்மா சொல்லும். ஊசிய எப்பிடிப் பிடிச்சாரு?"

"பட்டறைக்காரன் கை. வேலைன்னா நடுங்காது."

ஒரு பொய்க்கு இன்னொன்றை முட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பல்லைப் பிடுங்கிவிட்டேன். பஞ்சு வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறேன். பேச முடியாதது ஒரு வசதி.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியத்தின் குரல்:

"உங்கப்பன் பூட்டத் தொறக்குற மாதிரி கண்ணத் தொறந்து பாத்திருக்கான்டி. நல்லவேளை சாவி போடல."

முன்பெல்லாம் லூர்துவின் அப்பனைச் சொன்னால் கரண்டியை எடுத்துக்கொண்டு வருவாள்.

"என்னடி சத்தத்தக் காணோம்?"

"சொல்லு. சொல்லுறதுக்குத்தான் செஞ்சு வச்சுட்டுப் போயிருக்காரே."

பஞ்சு ரத்தமாகிவிட்டது. மாற்றினேன்.

நவம்பர் 7, வியாழன்

ஆப்பரேஷன். ஆரோக்கியம் லாரியை விட்டுவிட்டு வந்தான். புதுச் சட்டை. எதற்கு என்று கேட்டேன். தெரியல மாமா என்றான்.

காலை எட்டரைக்குச் சொட்டு மருந்து. ஒன்பதே காலுக்கு உள்ளே. மயக்கம் கிடையாது. கண்ணுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி. பச்சைத் துணியில் ஒரு ஓட்டை, அதில் கண் மட்டும். இதை நர்சம்மா சொன்னார்.

பெஞ்சில் என் பக்கத்தில் கன்னிவாடிக் கிழவி. கண்ணில் புரை.

"உங்களுக்கு எந்தக் கண்ணுங்கய்யா?"

"எனக்கு இல்ல. பிள்ளைக்கு."

"அப்ப ஏன் ரெண்டுலயும் தண்ணியா ஊத்துது?"

ஆரோக்கியம் டீ வாங்கி வந்தான். ஆறிப்போனது. யாரும் குடிக்கவில்லை. கிழவி குடித்தாள்.

பத்துமணி அடித்தபிறகு டா. வெளியே வந்து முகத்துணியை இறக்கினார். நல்லபடியா முடிஞ்சுது, அடியில் ஒட்டியிருந்ததைப் பக்குவமாக உரிக்கத்தான் நேரமாயிற்று, ரெண்டு தையல் என்றார். நர்சம்மா ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். தண்ணீர் மாதிரி மருந்து, அதில் ஒரு துணுக்கு. நெல் உமி அளவு. காப்பி நிறம். இருபத்தொரு வருஷத்துக்கு முன் நான் ஊசியால் சுரண்டியது இதைத்தான். இப்போதுதான் அது வர வேண்டிய விதத்தில் வந்திருக்கிறது.

குப்பி மதுரைக்குப் போகிறது. ஜில்லா பிரிந்தாலும் இதற்கு மதுரைதான் என்று ஆரோக்கியம் சொன்னான்.

லூர்து கட்டுப்போட்ட கண்ணோடு கட்டிலில். "வலி இல்ல பெரியப்பா. கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. நறுக்கு நறுக்குன்னு. ஒரு மாதிரி பழகுன சத்தமா இருந்துச்சு. எதுக்கு அப்பிடித் தோணுச்சுன்னு தெரியல."

நான் வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

கட்டு பிரித்தார்கள். கண் செம்பருத்திப் பூ மாதிரி. ஆனால் புள்ளி இல்லை. விரலைக் காட்டி எண்ணச் சொன்னார்கள், சரியாகச் சொன்னாள். கண்ணாடி கேட்டாள். நர்சம்மா கொண்டுவந்து பிடித்தார். ஜன்னல் வெயில் கண்ணாடியில் பட்டு அவள் முகத்தில் அடித்தது. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஏன் மாமா, நல்ல காத்து வருதுல்ல என்றான் ஆரோக்கியம்.

வீட்டுக்கு வர ரிக்‌ஷா. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை. தலைக்குத் தண்ணீர் கூடாது. புகையில் நிற்கக் கூடாது. அதனால் சமையல் நான். ரசம் உப்புக் கரித்தது. ஒருவரும் சொல்லவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம்.

"பொய் சொன்னேன் சாமி."

"எத்தனை தடவை?"

"மூணு. இல்ல, நாலு."

எதைப் பற்றி என்று சாமியார் கேட்கவில்லை. பின்னால் வரிசை பெரிது. நானும் சொல்லவில்லை. நாலு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். முழங்காலில் நின்று சொன்னேன். எழுந்திருக்கும்போது வலி முழங்காலில் மட்டும்தான் குறைந்தது.

நவம்பர் 11, திங்கள்

தீபாவளி. நமக்கு இல்லை, ஆனாலும் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் பலகாரம் வந்துவிட்டது. அதிரசம், முறுக்கு. பல் பிடுங்கிய இடத்தில் முறுக்கு குத்துகிறது. வெடிப்புகை என்று லூர்து கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

பெரியவள் என் வீட்டில் துணிப்பொம்மையை மல்லாத்திப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கையில் கோணி ஊசி. சின்னவளைப் பொம்மையின் காலைப் பிடிக்கச் சொன்னாள்.

"என்ன பண்றீங்க?"

"நாந்தான் அருளப்பன் தாத்தா. கண்ணக் குத்துற தாத்தா."

ஊசியைப் பிடுங்கி ஓட்டில் எறிந்தேன். இரண்டு பிள்ளைகளும் அழ ஆரம்பித்துவிட்டன. நான் ஒருநாளும் அதட்டினதில்லை. அதிரசம் கொடுத்தேன், வாங்கவில்லை.

அருளப்பன் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் செத்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு இனி அவன் இதுதான்.

நவம்பர் 14, வியாழன்

மழை. ஒன்றும் நடக்கவில்லை. மதுரையிலிருந்து தகவல் இல்லை. லூர்துவின் கண்ணில் சிவப்பு பாதி குறைந்திருக்கிறது. சோறு அவளே வடித்தாள். எனக்குக் கூடுதலாக ஒரு அப்பளம். "நீங்க மட்டும் அன்னிக்கு டாக்டர்ட்ட சொல்லலைன்னா பெரியப்பா, கண்ணுல பாதிய வழிச்சிருப்பாங்க" என்றாள்.

நன்றி சொல்கிறாள். எனக்கு.

நவம்பர் 18, திங்கள்

தகவல் வந்துவிட்டது. மூன்று பேரும் போனோம்.

டா. காகிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கெட்டது இல்லீங்க. மச்சம்தான். ஓரமெல்லாம் சுத்தமா வந்திருக்குது. அடியில பழைய தழும்பு இருக்குதுன்னும் எழுதியிருக்காங்க. தாத்தா சொன்னது சரி."

ஆரோக்கியம் உட்கார்ந்த நாற்காலியிலேயே குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டான். எதைக் கும்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. லூர்து கண்ணைத் துடைக்கப் போனாள். டா. கையைத் தட்டிவிட்டார்.

இன்னொன்றும் டா. சொன்னார். இந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து அங்கே ஏதாவது தெரிந்தால், வேறு ஊரில் வேறு டாக்டர் பார்த்தால், அவருக்குப் பழைய கதை தெரிய வேண்டும். எந்த வயசில், எதனால், யார் சுரண்டினது, எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து ஞாபகமாக ஒரு தாளில் எழுதி இதோடு பின் குத்தி வைக்கச் சொன்னார். தாத்தாவுக்கு நல்ல ஞாபகம் இருக்குதே, இருக்கும்போதே கேட்டு எழுதிக்குங்க என்றார்.

வழியில் ஆரோக்கியம் பிள்ளைகளுக்கு பலூன் வாங்கினான். பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கி வருவதாகவும் சொன்னான். "வேதக்காரனுக்கு எதுக்குடா பழனி" என்றேன். "நல்ல காரியத்துக்கு இனிப்பு எந்த ஊர்லருந்து வந்தா என்ன மாமா."

வீடு வந்ததும் ஞாபகப்படுத்தினேன். வருகிற 20 அருளப்பன் இறந்த நாள். வருஷா வருஷம் அன்றைக்குப் பூசை சொல்லி வைப்பாள். சாமியாரிடம் பேர் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன்.

"இந்த வருசம் வேணாம் பெரியப்பா."

"ஏம்மா?"

"மனசு வரல. கல்லறையில போய் என் கண்ணப் பாத்துக்கன்னு கேட்டுட்டு வந்திருக்கேன், யாருட்ட கேட்டேன்னு இப்ப நெனச்சா." பாத்திரத்தை விளக்க ஆரம்பித்தாள். "கோவமில்ல. செத்தவுகள்ட்ட என்ன கோவம். அடுத்த வருசம் பாப்போம்."

அருளப்பனுக்கு ஒரு பூசைகூட இல்லாமல் செய்துவிட்டேன். அவன் வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் எனக்குக் கேட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

வெயில். மழைத் தண்ணீர் வற்றியிருக்கிறது. காலையில் ஆரோக்கியம் லோடுக்குப் போனான். பிள்ளைகள் பள்ளி, பால்வாடி. மூன்று மணிக்கு லூர்து பீன்ஸ் முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு, டா. காகிதம், ஒரு வெள்ளைத் தாள், பேனா எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க பெரியப்பா. எனக்கு அன்னிக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகமில்ல. யார் யார் இருந்தாக, என்ன செஞ்சாக, நீங்க சொல்லச் சொல்ல எழுதுறேன்."

தண்ணீர் கேட்டேன். குடித்தேன். ஒவ்வொருவராகச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்து எழுத்து, குண்டு குண்டாக, வேகமாக வருகிறது.

முதலாளி ராவுத்தர். கண்ணாடியால் வெயிலைக் காட்டினார். போய்ப் பதினோரு வருஷம்.

பிச்சை. காலைப் பிடித்தான். வத்தலக்குண்டு ரோட்டில் பஸ் அடித்துப் போனான்.

செசிலி. மடியில் போட்டுத் தலையைப் பிடித்தாள். பயந்துபோய்ப் பிடித்தாள், வேறு ஒன்றுமில்லை. போய் ஐந்து வருஷம்.

"அம்மாவுமா?" என்றாள். எழுதினாள். "அப்புறம் அப்பா."

"அருளப்பன் வாசல்ல நின்னான்."

பேனா நின்றது. "வாசல்லயா? எப்ப?"

"மொதல்லருந்து கடைசி வரைக்கும். அது மச்சம், வேணாம், விட்டுருங்கன்னு சொன்னான். மூணு தடவ சொன்னான். அவனால பாக்க முடியல, அதான் வாசல்ல நின்னான். அதையும் எழுது."

அவள் எழுதவில்லை. என்னைப் பார்த்தாள். கண்ணில் சிவப்பு இன்னும் ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது.

"அப்ப ஊசி?"

"அவன் தொடல."

"பிச்சை மாமாவா?"

"அவன் காலப் பிடிச்சிருந்தான்."

"நீங்க சொன்னவுக எல்லாரும் செத்துட்டாக பெரியப்பா. அன்னிக்கு அங்க இருந்தவுகள்ல இப்ப உசுரோட யாருதான் இருக்கா?"

நாளைக்கு அருளப்பன் இறந்த நாள். பூசைக்குச் சாமியாரிடம் பேர் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் கை தாளில், பேனா முனை தாளைத் தொட்டபடி. எழுதும்மா என்றேன். என் பேரைச் சொன்னேன்.

சவரிமுத்து.